கல்லில் நின்ற பெயர்: பிள்ளையார்பட்டியின் பெரியோர் வரிசை பற்றி

அரசர், திருப்பணி செய்த வள்ளல், அறங்காவலர் என்ற வரிசையில்தான் நம் தலவரலாறுகள் ஓர் ஊரின் பெரியோரைச் சொல்லி வருகின்றன. உளி பிடித்தவர் கடைசியில் வருவார். பெரும்பாலும் வரவே மாட்டார். பிள்ளையார்பட்டிக்கு இந்த வரிசை பொருந்தாது என்பது என் வாதம்.

இவ்வூர்க் குடைவரைக் கோயிலின் கற்பக விநாயகர் தனியே செதுக்கி வைக்கப்பட்டவர் அல்லர். குன்றைக் குடையும்போதே பாறையிலிருந்து எழுந்தவர். ஏறத்தாழ ஆறடி உயரம், இரண்டே கைகள், வலப்பக்கம் சுழித்த துதிக்கை. நான்கு கைப் பிள்ளையாரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த எளிமை உடனே படும். அதே குடைவரையில் பழைய எழுத்தில் ஒரு சிறு பொறிப்பு உள்ளது. அதை ‘எக்காட்டூருக் கோன் பெரும்பரணன்’ என்று படித்தோர் உண்டு; ‘பெருந்தசன்’, அதாவது பெருந்தச்சன், என்று படித்தோரும் உண்டு. செய்தான், செய்வித்தான் என்று வினைச்சொல் எதுவும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

‘கோன்’ என்று இருப்பதால் இவன் ஒரு தலைவன், குடைவித்தவனே தவிரக் குடைந்தவன் அல்லன் என்று மறுக்கலாம். இந்த மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பெருந்தச்சன் என்ற வாசிப்பை ஏற்றால் ‘கோன்’ தொழிலில் தலைமை பெற்றவனைக் குறிக்கும் மதிப்புச் சொல்லாகிறது. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. இந்த ஊரின் பிற்கால வரலாறும் இதற்குத் துணையாக நிற்கிறது. சான்றாக அல்ல, துணையாக மட்டும்.

அந்த வரலாற்றின் நடுவே இருப்பது ஒரு ஸ்தபதி குடும்பம். 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது தலைமையேற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. பின்னர் அப்பொறுப்புக்கு வந்த அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி 1927இல் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். தாலம், அங்குலம் என்ற சிற்ப அளவுகள் பெரும்பாலும் வாய்வழியாக வந்த தொழிலில் ‘சிற்பச் செந்நூல்’ எழுதினார். சென்னையின் வள்ளுவர் கோட்டமும் குமரிமுனையின் வள்ளுவர் சிலையும் அவர் வடிவமைத்தவை. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அச்சிலை 133 அடி: அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களுக்கு 95 அடி உருவம். அவ்வளவு பெரிய கல்லுருவின் இடுப்பில் ஒரு மெல்லிய வளைவு இருக்கிறது. படகில் போகிறவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். கல் அங்கே கனம் மறந்து நிற்கிறது. 2009இல் பத்மபூஷண் பெற்ற அவர் 2011இல் மறைந்தார்.

கோயில்களுக்குக் கொடை தந்த வணிகச் சமூகமான நகரத்தாரின் பங்கைக் குறைப்பது என் நோக்கம் அன்று. பிள்ளையார்பட்டி அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று. பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருளைக் கோயில்களில் இட்டவர்கள் அவர்கள். அந்தத் திருப்பணிகள் இல்லையென்றால் ஸ்தபதிகளின் உளிக்கு இத்தனை வேலை கிடைத்திருக்காது. ஆனால் கொடுத்தவர் பெயர் பளிங்குப் பலகையில் ஏறியது. தூணைச் செதுக்கியவர் பெயர் ஏறவில்லை. தன் பெயரைப் பொறிக்காமல் ஒதுங்குவது சிற்பியின் மரபு என்று சொல்லி அந்த மௌனத்தை நாம் வசதியாக ஏற்றுக்கொண்டோம்.

இந்த ஊரின் வரலாற்றை இனி எழுதுவோர் பெருந்தச்சனை முதலில் வைக்க வேண்டும். திருப்பணி நடக்கும் ஒவ்வொரு கோயிலிலும், கொடையாளர் பெயரை எழுதும் அதே பலகையில், வேலை செய்த சிற்பிகள் அத்தனை பேரின் பெயரையும் பொறிக்க அறங்காவலர்கள் முன்வர வேண்டும்.