தரவுத்தளக் காப்புநகல்களின் சுருக்கமும் சரிபார்ப்பும்

தரவுத்தளத்தின் காப்புநகலைச் சுருக்கிச் சேமிப்பதும், அந்நகல் பழுதின்றி இருக்கிறதா எனச் சோதிப்பதும் இன்று ஒரே பணியின் இரு பகுதிகளாகக் கருதப்படுகின்றன. வரலாற்றில் இவை தனித்தனியே தோன்றியவை. தரவுப் பரிமாற்றத்தில் நேரும் பிழைகளைக் கண்டறிய, சுழல்மிகைச் சோதனை (சிஆர்சி) என்னும் முறையை வெஸ்லி பீட்டர்சன் 1961இல் வகுத்தார். முன்பு வந்த தொடர் மீண்டும் வந்தால் அதை முழுதாக எழுதாமல், அது வந்த இடத்தை மட்டும் சுட்டும் சுருக்க முறையை ஆபிரகாம் லெம்பெல், யாக்கோவ் சிவ் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்டனர். 1989இல் வந்த சிப், 1992இல் வந்த ஜிசிப் ஆகிய கோப்பு வடிவங்களில் இரண்டும் ஒன்றுசேர்ந்தன.

சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சாதாரண உரையில் ஓர் எழுத்து கெட்டாலும் மற்றதைப் படித்துவிடலாம். சுருக்கம் என்பதோ திரும்ப வருவதை நீக்குவது. சுருக்கிய கோப்பில் ஒரு பிட்டு மாறினாலும் அதை அடுத்து வருவதெல்லாம் குழம்பக்கூடும்.

தமிழ்த் தரவுக்குச் சுருக்கம் கூடுதலாகவே பயன்படுகிறது. ஓசூரின் தொழிற்பேட்டைப் பகுதியான மூக்கண்டப்பள்ளியின் பெயரில் 9 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறியும் தனியே எண்ணப்படுவதால் அவை 15 குறியீடுகள் ஆகின்றன. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு, ஆக 45 பைட்டு. ஆங்கில எழுத்து என்றால் ஒன்றுக்கு 1 பைட்டே போதும். ஆனால் அந்த 45இல் முதல் பைட்டுகள் 15உம் ஒன்றே. இரண்டாம் பைட்டுகளில் இரண்டே வகை. சுருக்கும் நிரலுக்கு இது நல்ல வேட்டை.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் தரவுத்தளத்தை, விக்கிமீடியா அறக்கட்டளை குறிப்பிட்ட இடைவெளிகளில் சுருக்கிய கோப்புகளாக வெளியிடுகிறது. கடவுச்சொல் போன்ற பயனர் தரவு இவற்றில் இராது. எனவே முழுக் காப்புநகல் அல்ல. கட்டுரைகளுக்குப் பயன்படும் பிசிப்2 வடிவம் ஜூலியன் சீவார்ட் 1996இல் உருவாக்கியது. இது தரவை அதிகபட்சம் 9 இலட்சம் பைட்டு கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை எண் இடுகிறது. ஒரு துண்டு கெட்டாலும் மற்றவற்றை மீட்கலாம். கோப்புகளுடன் எம்டி5, ஷா-1 மதிப்புகளும் தரப்படுகின்றன. பதிவிறக்கியவர் தம் கணினியில் கணக்கிட்டு ஒப்பிடலாம்.

ஒப்பீடு சரியானால் கோப்பு வழியில் மாறவில்லை என்றே பொருள். உள்ளே வேண்டியது இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. காப்புநகல் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால், நகல்கள் உருவாகவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த நகலே கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் போயின.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இணையத் தாக்குதலால் ஐந்து வழங்கிகளில் சுமார் 1.3 டெராபைட்டு தரவு பூட்டப்பட்டது. நோயாளர் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை கையால் எழுத நேர்ந்தது. பாதிக்கப்படாத ஒரு காப்பு வழங்கியிலிருந்து தரவு எடுக்கப்பட்டுப் புதிய வழங்கிகளில் ஏற்றப்பட்டது.