தீய கணுக்களையும் நிலையாமையையும் தாங்கும் பியர்-டு-பியர் வலையமைப்புகள்

பியர்-டு-பியர் மேலடுக்கு வலையமைப்பு என்பது, பங்கேற்கும் கணினிகள் மையச் சர்வரின் துணையின்றி இணையத்தின் மேல் தமக்குள் அமைத்துக்கொள்ளும் பிணைப்பு. ஒவ்வொரு கணினியும் அதில் ஒரு கணு. கணுக்கள் சொல்லாமல் வந்து சொல்லாமல் விலகும்; இதுவே நிலையாமை. சில வேண்டுமென்றே பொய்த் தகவல் தரும். இவ்விரு தொல்லைகளும் ஒன்றோடொன்று பின்னியவை.

1999-இல் தொடங்கிய கோப்புப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டர், கோப்புப் பட்டியலை மையச் சர்வர்களில் வைத்திருந்தது; நீதிமன்ற வழக்கால் 2001-இல் முடங்கியது. 2000-இல் வந்த நுடெல்லாவுக்கு மையமே இல்லை. தேடலை அண்டைக் கணுக்கள் எல்லாவற்றுக்கும் பரப்பியதால் அது நெரிசலில் திணறியது. 2001-இல் வெளியான கோர்ட், கேன், பேஸ்ட்ரி போன்ற வடிவமைப்புகள் கணுக்களுக்கும் தரவுகளுக்கும் ஒரே எண்வெளியில் அடையாள எண் அளித்து, எந்தத் தரவு எந்தக் கணுவின் பொறுப்பு என்பதை வரையறுத்தன. கோர்ட்டில் பத்து லட்சம் கணுக்கள் இருந்தாலும் கணுவிலிருந்து கணுவுக்கு இருபது தாவல்கள் அளவில் தேடல் முடிந்துவிடும்.

2002-இல் பீட்டர் மேமௌன்கோவும் டேவிட் மேசியரஸும் கடெம்லியா என்ற வடிவமைப்பை முன்வைத்தனர். நெடுநேரம் இயங்கிய கணு மேலும் இயங்கவே வாய்ப்பு அதிகம் என்பதை நுடெல்லா அளவீடுகள் காட்டியிருந்தன. எனவே ஒரு கணு தான் அறிந்த பிற கணுக்களைக் குறித்துவைக்கும் வழியட்டவணையில், பழைய கணு பதிலளித்துக்கொண்டிருக்கும்வரை புதியதற்கு அதன் இடம் கிடைக்காது. நிலையாமைக்காக வகுத்த இவ்விதி, புதிய கணுக்களைக் கொட்டி அட்டவணையை நிரப்பும் தாக்குதலையும் தடுத்தது இதன் அழகு.

அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் டௌசர் அடிப்படைச் சிக்கலைச் சுட்டினார். நம்பகமான மையம் ஒன்று சான்றளிக்காவிட்டால், ஒருவரே பல கணுக்களாக வேடமிடுவதை நடைமுறையில் தடுக்க முடியாது. இதுவே சிபில் தாக்குதல். மிகேல் காஸ்ட்ரோ குழுவினர் சான்றளித்த அடையாள எண், கட்டுப்படுத்திய வழியட்டவணை, ஒரே செய்தியைப் பல வழிகளில் அனுப்புதல் ஆகியவற்றைச் சேர்த்து, கால் பங்கு கணுக்கள் தீயவையாயினும் செய்தி சேருமாறு வடிவமைத்தனர். விலை, கூடுதல் போக்குவரத்து.

சான்றிதழ் மட்டும் போதாது. விரும்பிய இடம் அமையும்வரை விலகி விலகிச் சேர்ந்து, தீய கணுக்கள் ஒரு பகுதியைக் கைப்பற்றலாம். பரூக் அவர்பக்கும் கிறிஸ்டியன் ஷைடலரும் 2006-இல் தந்த குயில் விதி, நிலையாமையையே காப்பாக்கியது: புதிய கணு தற்செயலான இடத்தில் அமர்த்தப்படும்; அந்த இடத்தைச் சூழ்ந்த சிறு பகுதியில் ஏற்கெனவே இருப்பவை வெவ்வேறு இடங்களுக்குச் சிதறடிக்கப்படும்.

பிட்காயின் வலையமைப்புக்கும் தீய கணுக்களின் தொல்லை வந்தது. ஒரு கணுவின் முகவரி அட்டவணையைத் தன் முகவரிகளால் நிரப்பி, அக்கணு மறுதொடக்கமாகும்வரை காத்திருந்து, அதன் இணைப்புகள் அனைத்தையும் கைப்பற்றலாம் என ஈதன் ஹைல்மன் குழுவினர் 2015-இல் காட்டினர். அவர்கள் பரிந்துரைத்த தீர்வுகளுள் சில பிட்காயின் கோர் மென்பொருளில் அவ்வாண்டே சேர்க்கப்பட்டன. பழைய முகவரியை நீக்குமுன் அது இயங்குகிறதா எனச் சோதிக்கும் முறை பின்னர் வந்தது.