மெமரிக்கு ஒரு தகரச் சட்டை

மெமரி மேல பளபளன்னு ஒரு தகடு ஒட்டியிருக்கே, ஹீட் ஸ்பிரெட்டர், அது ஏன் வந்துச்சு தெரியுமா மக்களே?

1999ல இன்டெல் 820 சிப்செட்டோட ராம்பஸ் மெமரி வந்தது. அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிப்தான் மொத்த டேட்டாவையும் தரும். அது மட்டும் கொதிக்கும். அந்தச் சூட்டைப் பரப்பத்தான் தகடு. போட்டிக்கு வந்த டிடிஆரில் எட்டு சிப்பும் வேலையைப் பங்கு போட்டுக்கிச்சு. வோல்டேஜும் 2.5லிருந்து படிப்படியா இறங்கி டிடிஆர்4ல் 1.2 ஆயிடுச்சு. ராம்பஸ் போயும் தகடு மட்டும் ஓவர்கிளாக் பண்றவங்க அடையாளமா நின்னுடுச்சு.

நானும் ஏமாந்தேன். காலேஜ் கடைசி வருஷம், நெல்லை பங்குனி வெயில். 1333 டிடிஆர்3க்கு தகடு ஒட்டி, வோல்டேஜ் கூட்டி 1600க்கு ஏத்தினேன். விண்டோஸ் ஜோரா ஓடுச்சு. ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் சத்தமில்லாம கெட்டுப்போச்சு. பேக்கப்? அதுவும் அதே மெஷின்ல எடுத்ததுதான் :-(

ஆச்சி வீட்டு காருகுறிச்சி மண்பானையில தண்ணி கசிஞ்சு ஆவியாகும். அதனால அறையை விடக் குளிரும். தகட்டுக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் அறைச் சூட்டுக்குக் கீழ மெமரியைக் கொண்டுபோகாது. ஏத்துறதா இருந்தா ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிப் பாத்துட்டு ஏத்துங்க.