சிவப்பின் வயது

நீல விண்மீன் இளையது, சிவப்பு முதியது என்று படித்திருப்போம். அது பாதிதான் உண்மை. நிறம் காட்டுவது வெப்பத்தை. நீல விண்மீன் எரிபொருளை விரைவில் தீர்த்துவிடுவதால் முதுமை காண்பதில்லை. சிவப்பில் இருவகை: சிக்கனமாக எரிந்து நெடுங்காலம் வாழும் குள்ள விண்மீன், முடிவை நெருங்கி உப்பிப்போன ராட்சத விண்மீன். சிவந்த திருவாதிரை இரண்டாம் வகை. அதன் வயது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. மஞ்சள் சூரியனுக்கோ 460 கோடி.

ஒரே நிறத்துக்குள் இருவகை உண்டு என்பதற்குத் தடயம் தந்தவர் அன்டோனியா மோரி. ஹார்வர்டு வானாய்வகத்தில் பெண்கள் மணிக்கு 25 சென்ட் கூலிக்குக் கணக்கிட்ட காலம் அது. விண்மீன்களின் நிறமாலைப் படங்களில் சிலவற்றின் கோடுகள் மட்டும் மெலிந்து கூர்மையாக இருப்பதைக் கண்டு, அவற்றைத் தனியே பிரித்தார் மோரி. இயக்குநர் பிக்கரிங் அதைப் பொருட்படுத்தவில்லை. தன் உழைப்பு தன் பெயரில் வரவேண்டும் என்று மோரி வாதாடினார். 1897இல் 681 விண்மீன்களின் பட்டியல் அவர் பெயரோடு வந்தது.

1905இல் டென்மார்க்கின் ஹெர்ட்ஸ்ப்ரங், கூர்மையான கோடுகள் கொண்டவை பேரொளி வீசும் விண்மீன்கள் என்று காட்டினார். விண்மீன்களின் நிறத்தையும் ஒளியையும் வைத்து வாழ்க்கைக் கட்டத்தை அறியும் வரைபடம் இன்று ஹெர்ட்ஸ்ப்ரங், ரஸல் என்ற இரு ஆண்களின் பெயரில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மோரியின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.