தொழிற்சங்கப் பிரதிநிதியின் பாதுகாப்பு: சட்டம் தருவதும் சங்கம் செய்ய வேண்டியதும்

சங்கக் கொடி ஏறிய சில நாள்களிலேயே கிளைச் செயலாளருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருவது நம் ஆலைகளில் வழக்கமாகிவிட்டது. அவர் தலித்தாக இருந்தால் சாதி வசையும் உடன் வருகிறது. பிரதிநிதியை வீழ்த்தினால் சங்கம் தானே கலையும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அதைப் பொய்யாக்கச் சட்டத்தில் உள்ள வழிகளையும் அவற்றின் ஓட்டைகளையும் இங்கே தொகுக்கிறோம்.

நிறைவேறாத கோரிக்கை

வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், தொழிற்சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்னும் திருத்த மசோதாவை 1943இல் கொண்டுவந்தார். அதே நோக்கில் 1947இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. தொழிலாளர் பிரதிநிதிகளின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 135ஆம் உடன்படிக்கையையும் (1971) இந்தியா ஏற்கவில்லை.

பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்

1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 33ஆம் பிரிவில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 90ஆம் பிரிவிலும் தொடர்கிறது. ஒரு தகராறு சமரச அலுவலர் முன்போ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருக்கும்போது, பாதுகாக்கப்பட்ட தொழிலாளரை அந்த அதிகார அமைப்பின் எழுத்துபூர்வமான முன் அனுமதியின்றிப் பணிநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ முடியாது. மொத்தத் தொழிலாளர்களில் 1 விழுக்காட்டினர், குறைந்தது 5 பேர், அதிகம் 100 பேர் இத்தகுதியைப் பெறலாம்.

இத்தகுதி தானாக வருவதில்லை. அவர் பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகியாக இருக்க வேண்டும். விதிகளின்படி அங்கீகரிக்கப்பட்டும் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைச் சங்கம் ஆண்டுதோறும் எழுத்தில் அளித்து ஒப்புகை பெறாவிட்டால், நெருக்கடியில் கைகொடுக்க எதுவும் இருக்காது. தகராறு நிலுவையில் இல்லாத காலத்தில் இந்தப் பாதுகாப்பும் இல்லை என்பது பெரிய ஓட்டை.

அந்தக் காலத்துக்கு உதவுவது நியாயமற்ற தொழில் நடைமுறைகளைத் தடை செய்யும் 84ஆம் பிரிவு. சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என மிரட்டுவதும், நிர்வாகத் தேவை என்ற பெயரில் உள்நோக்கத்தோடு இடமாற்றம் செய்வதும் இதில் அடங்கும். தண்டனை 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சாதி ஆயுதமாகும்போது

பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றமே. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. தொழிலாளர் துறைப் புகாரும் காவல் நிலையப் புகாரும் தனித்தனி வழிகள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. வசையைக் கேட்ட சக தொழிலாளர்களின் சாட்சியமே வழக்கின் உயிர்.

திண்டுக்கல் காட்டிய வழி

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அதன்பின் தலித் பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டம், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தமாக முடிந்தது. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என, சங்கம் பயிற்சி அளித்த கண்காணிப்பாளர்கள் உற்பத்தித் தளத்திலேயே நியமிக்கப்பட்டனர். புகார் தருபவரைப் பழிவாங்குவது தடை செய்யப்பட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்களும் தனித்தனியே ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றன.

ஒரு பிரதிநிதி தனித்து நின்றால் நிர்வாகம் அவரை எளிதில் குறிவைக்கும். 25 பேருக்கு ஒருவர் இருக்கும்போது எத்தனை பேரை வெளியேற்ற முடியும்?

இன்றே செய்ய வேண்டியவை

1. பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலை உடனே அளித்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.
2. மிரட்டல், வசை, இடமாற்றம் ஒவ்வொன்றையும் தேதி, நேரம், சாட்சிகளோடு அன்றே எழுதி வையுங்கள்.
3. குறிப்பாணைக்குக் காலக்கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள்.
4. பணிநீக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு உதவ நிதி திரட்டுங்கள். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் பட்டினியே பலரைச் சமரசத்துக்குத் தள்ளுகிறது.

கடைசி வேலை எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.