'நேவி' என்னும் சொல்லும் மரைக்காயர் வரலாறும்

ஜவ்வாது மலையை ஒட்டிய ஆலங்காயத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. 'நேவி' என்னும் சொல்லை நம் பிள்ளைகள் பெரும்பாலும் வேலைவாய்ப்பு அறிவிப்புகளிலேயே காண்கின்றனர். அச்சொல்லின் வரலாற்றில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே 'நேவி'. வடமொழி 'நௌ' அதன் உறவுச்சொல். சங்க இலக்கியம் கூறும் 'நாவாய்' என்பதும் கப்பலே. ஆங்கிலத்தில் முற்காலத்தில் கப்பல்களின் கூட்டத்தைக் குறித்த அச்சொல், பின்னர் ஓர் அரசின் போர்க்கப்பல்களையும் வீரர்களையும் ஒருசேரக் குறிக்கலாயிற்று. அதனையே நாம் கடற்படை என்கிறோம்.

கடற்படைத் தலைவரைக் குறிக்கும் 'அட்மிரல்' என்பது 'அமீர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து தோன்றியது. கப்பலைத் திருப்பும் 'சுக்கான்' அரபுச் சொல். 'மாலுமி' என்பதும் 'முஅல்லிம்' என்பதன் திரிபே. கற்பிப்பவர் என்று பொருள்படும் அச்சொல், விண்மீன்களை நோக்கி வழியறிந்து கலம் செலுத்தும் வல்லுநருக்கு ஆகிவந்தது. தரையிலும் கடலிலும் இருளில் வழியறிவதற்காகவே அல்லாஹ் விண்மீன்களை அமைத்தான் என்பது அல்-அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் உணர்த்தும் கருத்து. நம் அருகிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஆராய்வதும் அவ்விண்மீன்களையே.

இஸ்லாமிய வரலாற்றில் கடற்படை உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் உருவாயிற்று. முஆவியா (ரலி) அவர்கள் தலைமையில் சைப்ரஸ் தீவுக்குச் சென்ற படையுடன் உம்மு ஹராம் (ரலி) என்னும் பெண்மணியும் கடல் கடந்து, அங்கேயே மரணமடைந்தார்.

தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் மரைக்காயர்கள் கடல் வணிகத்தில் சிறந்தனர். 'மரக்கலம்' என்பதிலிருந்தே அப்பெயர் வந்தது என்பாருமுளர். 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் குஞ்ஞாலி மரைக்காரின் படை போர்த்துக்கீசியருடன் பொருது தோல்வியுற்றது. கோழிக்கோட்டு இந்து மன்னராகிய சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகக் குஞ்ஞாலி மரைக்கார்கள் நால்வர் வழிவழியாக விளங்கினர். இறுதியில் மன்னருக்கும் நான்காம் குஞ்ஞாலிக்கும் பகை மூண்டது. மன்னர் போர்த்துக்கீசியருடன் சேர்ந்து அவரது கோட்டையை முற்றுகையிட்டார். மன்னரிடம் சரணடைந்த குஞ்ஞாலி போர்த்துக்கீசியர் கைப்பட்டு, 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

இன்று மும்பையிலுள்ள நம் கடற்படைத் தளம் ஒன்று குஞ்ஞாலியின் பெயரைத் தாங்கியுள்ளது. மன்னரும் தளபதியும் ஒன்றுபட்டிருந்தவரை அந்நியர் அக்கரையை எளிதில் வெல்ல இயலவில்லை. நம்பிக்கை குலைந்தபோதே அரண் சரிந்தது. ஒரே ஊரில் அண்டை வீட்டாராக வாழும் பல சமயத்தார்க்கும் இது பொருந்தும். இதனை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம். அல்லாஹ் நமக்கு நல்லறிவையும் ஒற்றுமையையும் அருள்வானாக. ஆமீன்.