வாயில், சந்து, சமரசம்

குடும்பப் பிணக்கை நடுவில் ஒருவர் இருந்து பேசித் தீர்க்கும் முறைக்குத் தமிழக நீதிமன்றங்களில் இன்று வழங்கும் பெயர் ‘சமரசம்’. இலங்கைத் தமிழில் அது ‘மத்தியஸ்தம்’. இரண்டுக்கும் முன்பே இச்செயலுக்குத் தமிழில் ஒரு பெயர் இருந்தது: ‘வாயில்’.

இல்லத்தின் வாய் என்ற பொருளில் ‘இல்வாய்’ என அமைய வேண்டியது முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆயிற்று என்பர் இலக்கண நூலார். பிரிந்து மீண்ட தலைவனுக்காக, ஊடியிருக்கும் தலைவியிடம் பேசப் போகிறவரையும் அகப்பொருள் இலக்கணம் இச்சொல்லாலேயே குறித்தது. தோழி, தாய், பாணன், விருந்தினர், அறிவர், கண்டோர் உட்படப் பன்னிரு வாயில்களைத் தொல்காப்பியக் கற்பியல் எண்ணுகிறது. தலைவி இசைவது ‘வாயில் நேர்தல்’. இசையாதது ‘வாயில் மறுத்தல்’. மறுப்புக்கும் தனிப்பெயர் இருந்தது கருதத்தக்கது. வந்தவர் எடுத்துச் சொல்லலாம், முடிவு தலைவியுடையது.

புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் ஒரே குடும்பப் பிணக்கைப் பற்றியவை. மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த வையாவிக் கோப்பெரும் பேகனிடம் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காகப் பேசினர். பரிசில் வேண்டாம், அவளிடம் செல் என்பதே அவர்கள் கேட்ட பரிசில்.

போர் மூளும்போது புலவர் இடைபுகுந்து தடுப்பதற்குப் புறத்துறையில் ‘துணைவஞ்சி’ என்று பெயர். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்ற இரு சோழரிடையே கோவூர் கிழாரும், கோப்பெருஞ்சோழனுக்கும் அவன் மக்களுக்கும் இடையே புல்லாற்றூர் எயிற்றியனாரும் பாடியவை இத்துறையின. இச்செயலைப் பிற்காலத்தார் ‘சந்து செய்தல்’ என்றனர். ‘சந்தி’ என்ற வடசொல்லின் திரிபான சந்து, பிரிந்தவை பொருந்தும் இடத்தைக் குறிக்கும்.

‘மத்தியஸ்தன்’ என்றால் நடுவில் நிற்பவன். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) மத்தியஸ்தன் ஊர்ச்சபையின் அலுவலர். உறுப்பினர் தேர்வுக்கான குடவோலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்க வாசிப்பவர் அவர். எதையும் மறைக்காத கை அவருடைய தகுதி. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் ‘மத்தியஸ்த சபை’களை அமைத்தது. ‘இணக்க சபை’ என்ற பெயரும் அங்கே வழக்கில் உண்டு.

‘சமரசம்’ சமயத்திலிருந்து வந்த சொல். சம, ரசம் என்ற இரண்டும் சேர்ந்து வேற்றுமையற்ற ஒரே நிலையைக் குறித்தன. வள்ளலார் 1865இல் தோற்றுவித்த சங்கத்தின் பெயர் ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’. பின்னர் பொதுவழக்கில் இச்சொல் விட்டுக்கொடுத்தல் என்ற பொருளுக்கு இறங்கியது. கொள்கையில் ‘சமரசம் செய்துகொள்ளாதவர்’ என்பது பாராட்டாயிற்று.

சட்டத்துறை அதற்கு மூன்றாவது பொருளைத் தந்தது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், முதலில் இணக்கத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியது. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ்நாடு சமரச தீர்வு மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களில் இந்தியாவிலேயே முன்னோடி அது. மணமுறிவு, பிள்ளைகளின் பொறுப்பு, ஜீவனாம்சம், பாகப்பிரிவினை ஆகிய வழக்குகள் இம்மையங்களுக்கு அனுப்பப்படுகின்றன. சமரசர் இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் சந்திப்பார்; அங்கே பேசியதை வெளியே சொல்லமாட்டார்; தீர்ப்பு வழங்கமாட்டார். உடன்பாடு ஏற்பட்டால் அது எழுத்தாகி, கையொப்பத்துடன் நீதிமன்றத்துக்குப் போகும். ஏற்படாவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

2023ஆம் ஆண்டின் இந்திய சமரசச் சட்டம் முடிவுக்கு 120 நாள் வரம்பு வைத்து, மேலும் 60 நாள் வரை நீட்டிக்க இடம் தருகிறது. எத்தரப்பும் விலகலாம் என்கிறது. ‘வாயில் மறுத்தல்’ தந்த உரிமை இங்கே சட்ட வாசகமாகிறது.

பேச்சுவழக்கின் ‘பஞ்சாயத்து’ இதிலிருந்து வேறுபட்டது. ஐந்து என்ற பொருளுள்ள ‘பஞ்ச’த்திலிருந்து பிறந்தது அச்சொல். பஞ்சாயத்தில் பெரியவர்கள் முடிவு சொல்வார்கள்; மற்றவர் கட்டுப்பட வேண்டும். ‘அனுசரித்துப் போ’ என்று பெண்ணை அடி விழும் வீட்டுக்கே திருப்பி அனுப்புவது சமரசம் ஆகாது. அச்சமின்றி மறுக்க முடியாதவரிடம் பெறும் சம்மதம் சம்மதமன்று; அவருக்குரிய இடம் நீதிமன்றமே. சேர்ந்து வாழ்வது மட்டுமே சமரசம் என்பதும் பிழை. கண்ணியமாகப் பிரிவதும், பிள்ளை பெற்றோர் இருவரையும் பார்க்க வழி செய்வதும் சமரசமே.

வாயில், சந்து, மத்தியஸ்தம், சமரசம் என்னும் நான்கும் வழியையும், பொருந்தும் இடத்தையும், நிற்கும் நடுவையும், அடையும் நிலையையும் குறிப்பவை. தீர்ப்பைக் குறிக்கும் சொல் இவற்றில் ஒன்றுகூட இல்லை.